நார்ம் ஆப்ரமின் பட்டறையும் அப்பாவின் சாக்குப்பையும்

மரவேலை டிவி ஷோ பார்க்கிற பழக்கம் உங்களில் எத்தனை பேருக்கு உண்டு? என் கிளாஸில் கேட்டால் "பொழுது போகலையாடா உனக்கு?" என்கிறார்கள். எனக்கு அது கிரிக்கெட் ஹைலைட்ஸ் மாதிரி. தச்சர் வீட்டுப் பையன் என்பதால் இருக்கலாம். பெண்ணாடம் சுத்துப்பட்டில் நிலை, கதவு, ஜன்னல் என்று அப்பா செய்து கொடுத்த கூலியில்தான் நான் காலேஜ் போய்க்கொண்டிருக்கிறேன்.

முதலில் ஆளை அறிமுகப்படுத்திவிடுகிறேன். நார்ம் ஆப்ரம். கட்டம் போட்ட சட்டை, தாடி, அலட்டாத பேச்சு. அமெரிக்காவின் பிபிஎஸ் பொதுத் தொலைக்காட்சியில் 1989 முதல் 2009 வரை, 21 சீசன் ஓடிய 'தி நியூ யாங்கி ஒர்க்‌ஷாப்' நிகழ்ச்சியின் நாயகர். இவரும் தச்சர் மகன்தான். ரஸ்ஸல் மொராஷ் என்ற தயாரிப்பாளர் தன் வீட்டில் ஒரு வேலைக்கு இவரைக் கூப்பிட்டிருக்கிறார். (ஜூலியா சைல்டின் சமையல் நிகழ்ச்சியை எடுத்த அதே மொராஷ்தான், 2024-ல் காலமானார்.) வேலை நடந்த இடத்தில் கழிவுக் கட்டை ரொம்பக் கொஞ்சமாகக் கிடந்ததைப் பார்த்து அசந்துபோய்தான் ஆளை டிவிக்குக் கொண்டுவந்தாராம். 1979-ல் ஆரம்பித்த 'திஸ் ஓல்ட் ஹவுஸ்' என்ற வீடு புதுப்பிக்கும் நிகழ்ச்சியில் முதலில் தலைகாட்டினார், பத்து வருஷம் கழித்துத் தனி ஷோ.

இந்தக் கழிவுக் கட்டை கதையைச் சொன்னதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப இந்தாளு வேலைக்காரன்தான்" என்றார். எங்கள் பக்கம் மரம் வாங்கித் தருவது வீட்டுக்காரர். தச்சனுக்குக் கூலி மட்டும். அடுத்தவர் காசில் வாங்கின மரத்தில் எவ்வளவு சேதாரம் பண்ணுகிறான் என்பதில்தான் இங்கே பேர் இருக்கிறது.

அந்தப் பட்டறை இருக்கிறதே... 936 சதுர அடி! நடுவில் டேபிள் சா, சுத்தி இழைக்கிற மெஷின், கடைசல், டிரில், ரூட்டர், தூசியை உறிஞ்ச ஒரு குழாய். ஒவ்வொரு எபிசோடிலும் கண்ணாடி போடச் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். பழைய மேஜையோ அலமாரியோ ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, அதே மாதிரி முன்கூட்டியே ஒன்று செய்து பார்த்துவிடுவார். நம் கண் முன்னால் செய்வது இரண்டாவது. அரை மணி நேரத்தில் அலமாரி நிற்கும். இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அந்தப் பட்டறை நார்முடையதே இல்லை. மொராஷின் வீட்டு வளாகத்தில் இருந்தது. உலகப் புகழ்பெற்ற தச்சரும் அடுத்தவர் இடத்தில்தான் வேலை பார்த்திருக்கிறார்!

நார்முக்கு நேர் எதிர் கட்சி ராய் அண்டர்ஹில். வட கரோலினாவில் 1979-ல் ஆரம்பித்து, 1981 முதல் நாடு முழுக்க ஒளிபரப்பாகி, 2017 வரை போன 'தி உட்ரைட்ஸ் ஷாப்'. கரண்ட் மெஷினே கிடையாது. கோடாலி, உளி, கால்மிதிக் கடைசல். அதிகம் வெட்டி ஒட்டாமல் ஒரே ஓட்டமாக எடுப்பார்கள் போல, மனுஷன் மூச்சு வாங்கிக்கொண்டே பேசுவார், சில சமயம் விரலில் ரத்தம் வரும், அதோடு தொடருவார். எனக்கு ராய்தான் ஃபேவரிட். அப்பாவுக்கு நார்ம். கையாலேயே செய்து சலித்தவருக்கு மெஷின்தானே பிடிக்கும்.

ஆனால் நாலைந்து எபிசோடு பார்த்துவிட்டு அப்பா மெஷினைப் பற்றிப் பேசவில்லை. "இவன் மரம் காஞ்சிருக்குடா" என்றார். அவ்வளவுதான். எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் யோசித்தால், முழு விஷயமும் அதில் இருக்கிறது. அங்கே சூளையில் உலர்த்தின பலகை கடைக்கு வருகிறது. அதை இழைத்தால் இழைத்தபடி நிற்கும், மெஷின் சொன்ன அளவு அளவாகவே இருக்கும். இங்கே? கொல்லையில் நின்ற வேம்பை வெட்டி, சாமில்லில் அறுத்து, ஈரம் காயாமலே "தையில் கிரகப்பிரவேசம், முடிச்சுக் கொடுங்க" என்று வந்து நிற்பார்கள். அந்தக் கட்டை வைகாசி வெயிலில் முறுக்கும். கதவு நிலையில் இடிக்கும். திட்டு தச்சனுக்கு.

மரத்தை அடுக்கி ஒரு வருஷம் காயப்போட இடம் வேண்டும், அந்த ஒரு வருஷம் முடங்குகிற பணம் வேண்டும். நார்மின் 936 சதுர அடியில் நான் பொறாமைப்படுவது டேபிள் சாவைப் பார்த்து இல்லை.

அப்பாவின் பட்டறை ஒரு சாக்குப்பை. உளி ஏழெட்டு, கொட்டாப்புளி, வாச்சி, இழைப்புளி இரண்டு, மூலமட்டம், ரம்பம். இப்போது கையில் பிடிக்கிற கட்டிங் மெஷினும் டிரில்லும் சேர்ந்திருக்கின்றன. பையை டிவிஎஸ் 50-ல் கட்டிக்கொண்டு வேலை நடக்கிற வீட்டுக்குப் போனால் அந்தத் திண்ணைதான் ஒர்க்‌ஷாப். தரையில் உட்கார்ந்து, கட்டையை வலது காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உளி போடுவார். அமெரிக்கப் பட்டறையில் இதற்கென்று மேஜையும் இரும்புப் பிடியும் உண்டு. அப்பாவுக்குக் காலின் கட்டைவிரல்தான் அந்தப் பிடி. ஐம்பதைத் தாண்டின பிறகு முட்டி அதற்கு வட்டி வசூலிக்கிறது.

ஆனால் ஒன்று, ஆடியன்ஸ் விஷயத்தில் நார்மும் அப்பாவும் ஒன்றுதான். வீட்டுக்காரர் எதிரே சேர் போட்டு உட்கார்ந்து பார்ப்பார். அப்பா வேலை செய்துகொண்டே விளக்கம் வேறு சொல்ல வேண்டும், டீ வரும்போது விளம்பர இடைவேளை :) எடிட்டிங் மட்டும் கிடையாது. இப்போது போனில் நாற்பது செகண்டில் ஒரு கதவு முடிகிற வீடியோக்கள் வருகின்றன. அதைக் காட்டி "இதுக்கு ஆறு நாள் கூலியா?" என்று ஒருத்தர் கேட்டார். அன்றைக்கு அப்பா சாப்பிடும்போது பேசவே இல்லை.

எங்கள் ஊர் பிரளயகாலேஸ்வரர் கோவிலைப் பார்த்திருக்கிறீர்களா? தூங்கானை மாடம் என்பார்கள், விமானம் படுத்திருக்கும் யானையின் பின்பக்கம் மாதிரி வளைந்திருக்கும். மாமல்லபுரத்து நகுல சகாதேவ ரதத்தின் வடிவமும் இதே. இந்த வளைந்த கூரை முதலில் மரத்திலும் மூங்கிலிலும் கட்டப்பட்டு, பிறகுதான் கல்லுக்குப் போனது என்று கலை வரலாறு எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். அந்த மரக் கட்டடங்களில் ஒன்றுகூட இன்று இல்லை. கல்தச்சன் காப்பியடித்தது நிற்கிறது, மரத்தச்சன் செய்த ஒரிஜினல் மக்கிப்போச்சு.

நம் பக்கத்தில் மரச் சிற்பத்துக்குக் கவனம் கிடைத்துவிட்டது. அரும்பாவூருக்கு 2020-லும் கள்ளக்குறிச்சிக்கு 2021-லும் புவிசார் குறியீடு வந்தது. சந்தோஷம்தான். நிலையும் ஜன்னலும் செய்கிறவனுக்கு அப்படி ஒன்றும் வராது, அவன் வேலை எல்லா ஊரிலும் இருப்பதால். அதனால் அப்பா உளி பிடிக்கிற விதம், கட்டைவிரல் கட்டையைத் திருப்புகிற விதம் எல்லாவற்றையும் நான் வெட்டாமல் முழு நீளத்துக்குப் போனில் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். ராய் ஸ்டைல்.

அப்பாவோ நார்ம் வழியில் போகிறார். விருத்தாசலம் ரோட்டில் ஒரு ஷெட் வாடகைக்கு வருகிறது. அட்வான்ஸ், த்ரீ ஃபேஸ் கரண்ட், செகண்ட் ஹேண்டில் ஒரு இழைப்பு மெஷின் என்று சீட்டுப் பணத்தை நம்பிக் கணக்குப் போட்டிருக்கிறோம். அம்மாவுக்கு அதில் பாதி சம்மதம். போன ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம். நான் மெஷின் எங்கே வைக்கலாம் என்று அடியால் அளந்துகொண்டிருந்தேன். அப்பா மேலே தகரத்தையும் பின்சுவரையும் பார்த்துவிட்டு ஷெட்காரரிடம் கேட்டார்: "மழை பெஞ்சா இந்தப் பக்கம் ஒழுகுமாங்க? மரம் அடுக்கணும்."

ஒழுகும் என்றார். தகரம் மாற்றித் தந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்.