மழையில் ஆயிரம் கெஜம்

பிஸ்லியில் நான் இறங்கியபோது தூறல் வலுத்திருந்தது. லண்டனுக்குத் தென்மேற்கே, சர்ரே மாவட்டத்தில் இருக்கிறது இந்த ஊர். 1860-இல் விம்பிள்டனில் விக்டோரியா அரசி முதல் குண்டைச் சுட்டுத் தொடங்கிவைத்த ரைஃபிள் போட்டி, 1890 முதல் ஜூலை மாதத்தில் இங்கேதான் நடக்கிறது. நம் கோலாப்பூர் ராஜா கொடுத்த கோப்பைக்கும் இங்கே ஒரு தனிப் போட்டி உண்டு.

நான் நின்றது ஸ்டிக்கிள்டவுன் மைதானத்தில், 1000 கெஜக் கோட்டில். எதிரே முக்கால் கிலோமீட்டருக்கும் அப்பால் இலக்குப் பலகைகள். கறுப்பின் நடுவிலுள்ள 'புல்' வட்டம் 2 அடி அகலம். டெலஸ்கோப் சைட் கிடையாது. கண்ணருகே ஒரு சிறு துளை, குழல் நுனியில் ஒரு வளையம், அவ்வளவுதான். 10 கிராம் எடையுள்ள குண்டு அங்கே போய்ச் சேர ஒன்றரை நொடிக்கு மேல் ஆகிறது.

அத்தனை நேரம் மழைக்குள் பறக்கிற குண்டைத் துளிகள் திசைதிருப்பாதா? அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். கணக்கு வேறு சொல்கிறது. நல்ல மழையிலும் ஒரு கன மீட்டர் காற்றில் இருக்கும் நீர் ஒன்றிரண்டு கிராம்தான். குண்டின் பருமனோ எட்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. வழி நெடுக அதன்மேல் படும் நீரையெல்லாம் சேர்த்தாலும் கிராமில் பத்தில் ஒரு பங்கு தேறாது. காற்றின் ஈரப்பதமும் அப்படியே: ஈரக் காற்று உலர்ந்த காற்றைவிடக் கொஞ்சம் லேசு என்பதால் குண்டுக்குத் தடை ஒரு துளி குறையும். இந்தத் தூரத்தில் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

எனக்கு முன்னால் படுத்திருந்தவருக்கு எழுபது வயது இருக்கும். அவர் கவலையெல்லாம் தோட்டாவைப் பற்றித்தான். மூடி போட்ட டப்பாவை ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்தார். ஒரு தோட்டாவை எடுப்பார், துணியால் துடைப்பார், விரலால் தடவிப் பார்த்த பிறகே உள்ளே தள்ளுவார். போல்ட்டைத் திறந்த உடனே அதன்மேல் துண்டு விழும். ஒரே இலக்கில் இருவர் மாறி மாறிச் சுடுவதால், அடுத்தவர் முறை முடியும்வரை துப்பாக்கி சும்மா கிடக்கும், நனைவது அப்போதுதான்.

"ஒரு சொட்டு உள்ளே போனால் போதும், குண்டு மேலே போய்விடும்," என்றார், தலையைத் திருப்பாமலே.

காரணம் இதுதான். சுடும்போது தோட்டாவின் பித்தளை உறை விரிந்து துப்பாக்கியின் தோட்டா அறைச் சுவரைக் கெட்டியாகப் பற்றிக்கொள்ள வேண்டும். நடுவே நீர்ப்படலம் இருந்தால் அந்தப் பிடி நழுவுகிறது. உறை முழு வேகத்தோடு பின்னால் போல்ட்டை அடிக்கிறது. துப்பாக்கி அதிரும் விதமே மாறிவிடும். குழல் நுனியில் தெரியாத அந்த மாற்றம் 1000 கெஜத்தில் வட்டத்துக்கு வெளியே தெரியும். பழைய லீ என்ஃபீல்டு ரைஃபிள்களின் காலத்தில் இன்னொரு தொல்லையும் இருந்தது: மரக்கட்டை ஈரத்தில் உப்பிக் குழலை நெருக்கும். இன்றைய அலுமினிய அமைப்புகளில் அது இல்லை.

அடுத்த சங்கடம் கண்ணுக்கு. பின் சைட்டின் துளை ஒரு மில்லிமீட்டர் சுமார். ஒரே துளி அதை அடைத்து நின்றது. பெரியவர் ஊதித் தள்ளினார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஏமாற்று கொடிகளிடம்தான் என்பது என் அபிப்பிராயம். மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று இந்தத் தூரத்தில் குண்டை ஏழெட்டு அடி தள்ளிவிடும். காற்றைக் கணிக்கக் கொடியும் கானலும்தான் துணை. மழையில் கானல் அறவே இல்லை. கொடியோ நனைந்து கனத்துத் தொங்குகிறது. வேகமாக அடிக்கும் காற்றையும் மெல்லிய காற்றுபோலக் காட்டுகிறது. அதை நம்பிச் சைட்டைத் திருகியவர்களின் குண்டுகள் வரிசையாகக் காற்றுப்போக்கில் ஒதுங்கின. பெரியவர் கொடியை விட்டுவிட்டு, தொலைநோக்கியில் மழைத்தாரை எந்தப் பக்கம், எவ்வளவு சாய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மழைக்காக யாரும் எழுந்து போகவில்லை. மழைநாளில் தூரம் சுடப் போகிறவர்கள் கைப்பேசியில் ஈரப்பதம் பார்ப்பதை விட்டுவிட்டு, இரண்டு உலர்ந்த துண்டுகளும் மூடி இறுக்கமான ஒரு தோட்டா டப்பாவும் எடுத்துப் போங்கள்.