மேக்கில் விமானம் ஓட்டலாமா?

"மேக்ல ஃப்ளைட் சிமுலேட்டர் ஓடுமா அண்ணே?" என்று இன்பாக்ஸில் தம்பிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பொதுவில் சொல்லிவிடுகிறேன்.

இன்டெல் சிப் போட்ட பழைய மேக்கா? கவலையை விடுங்கள். பூட் கேம்ப்பில் விண்டோஸை ஏற்றிவிட்டு, ஆன் செய்யும்போது ஆப்ஷன் கீயை அழுத்திப் பிடித்தால் போதும். ஃபேன்தான் மிக்ஸி மாதிரி கத்தும்.

2020 நவம்பரில் ஆப்பிளின் எம்1 சிப் வந்தது; அந்த வழி அடைபட்டது. பேரலல்ஸ் ஆப்பில் ஆர்ம் விண்டோஸ் ஓடும், ஆபீஸ் வேலைக்குத் தாராளம். ஆனால் இன்டெல் சிப்புக்கு எழுதிய கேமை ஆர்முக்கு மாற்றி, டைரக்ட்எக்ஸ் கிராஃபிக்ஸை ஆப்பிளின் மெட்டலுக்கு மாற்றி... மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் அளவுக்குக் கனமான சரக்கை அது தாங்காது. எக்ஸ்பாக்ஸ் கிளவுடில் பிரவுசரிலேயே ஆடலாம்தான். நெட் தடுமாறினால், தரையிறங்கும் நேரம் பார்த்து ரன்வே கட்டம் கட்டமாகக் கலையும்.

என் ஓட்டு எக்ஸ்-பிளேன் என்ற சிமுலேட்டருக்கு. விண்டோஸே வேண்டாம், மேக்கில் நேரடியாக ஓடுகிறது. கடல் பக்கமிருந்து மீனம்பாக்கம் 25ஆம் ரன்வேக்குச் செஸ்னாவை இறக்கிப் பாருங்கள். வலப்பக்கம் பரங்கிமலை. காற்று பக்கவாட்டில் தள்ள, ரட்டரை மிதித்து மூக்கை நேராக்குவதற்குள் கை வியர்த்துவிடும். டெமோ இலவசம், அதை ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. புரூஸ் ஆர்ட்விக் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் வரிசையின் முதல் சிமுலேட்டரை எழுதியதே ஆப்பிள் II கணினிக்குத்தான். மைக்ரோசாஃப்ட் பெயரில் ஐபிஎம் பிசிக்கு வந்தது 1982இல். விண்டோஸ் நண்பர்களிடம் இதைச் சொன்னால் பேச்சை மாற்றுகிறார்கள்.