கொக்குப் பாட்டு

கரிசல் காட்டில் பருத்தி விளையும், கம்பு விளையும், சங்கீதம் மட்டும் விளையாது என்று காவிரிக்கரை நண்பர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. முத்துசாமி தீட்சிதர் கடைசிக் காலத்தில் வந்து தங்கியது எட்டயபுரத்தில்தான். விளாத்திகுளம் சாமிகள் பாடியதும் இந்தப் புழுதியில்தான். இதை அவர்களுக்கு நினைவுபடுத்திவிட்டு நான் மேலே போகிறேன். நான் சொல்ல வந்தது பெரிய சங்கீதத்தைப் பற்றி அல்ல. ஒரு பிளேட்டைப் பற்றி. அந்தப் பிளேட்டில் இல்லாத ஒரு குரலைப் பற்றி.

1950-களின் தொடக்கத்தில், கோவில்பட்டிக்குக் கிழக்கே இருந்த எங்கள் ஊரில் ஒரே ஒரு கிராமபோன் பெட்டிதான் உண்டு. நல்ல மழை பெய்த ஒரு வருஷம் பருத்தி விற்ற பணத்தில் என் மாமா வாங்கியது அது. பக்கத்தில் நின்று பார்க்கலாம், தொடக்கூடாது. சாவி கொடுப்பது, ஊசி மாற்றுவது எல்லாம் மாமாவின் ஏகபோக உரிமை. ஏழெட்டு பிளேட்டுகள் இருந்தன. அவற்றில் ஊருக்கே உயிரானது கே. பி. சுந்தராம்பாள் காந்தியைப் பற்றிப் பாடியது. அந்த அம்மாள் மேல் ஸ்தாயியில் ஏறி நிற்கும்போது, தொழுவத்தில் மாட்டுக்குத் தவிடு கலக்குகிறவர்கூடக் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். அந்தப் பாட்டைக் கட்டிய மதுரகவி பாஸ்கரதாஸ் நாகலாபுரத்துக்காரர். "நம்ம பக்கத்து ஆளு" என்று மாமா ஒவ்வொரு முறையும் சொல்லுவார். பாட்டைவிட அந்தப் பெருமை அவருக்குப் பெரிது என்று தோன்றும்.

மாமாவுக்குச் சவரம் செய்ய வாரம் ஒருமுறை ஒரு பெரியவர் வருவார். எழுபது வயது இருக்கும். ஊர்ச் சிறுவர்கள்கூட அவரை ஒருமையில்தான் கூப்பிடுவார்கள். அதுதான் அன்றைய வழக்கம். திண்ணையில் ஏறமாட்டார். வாசலில் வேப்பமரத்தடியில் மாமா பலகை போட்டு உட்கார, அவர் குந்தியிருந்து வேலை செய்வார்.

ஒருநாள் பிளேட்டு முடிந்ததும், கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னார்: "அம்மா குரல் கணீர்னுதான் இருக்கு முதலாளி. ஆனா எங்க தாஸ் பாடிக் கேட்டிருக்கணும்."

"எங்க தாஸ்" என்றபோது அவர் குரலில் இருந்த மிடுக்கை அதற்கு முன் நான் கேட்டதில்லை. அடுத்தபடி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கொக்குப் பாட்டின் இரண்டு அடியைப் பாடிக் காட்டினார்.

அந்தப் பாட்டு எனக்குத் தெரிந்ததுதான். கம்மங்கதிர் பால் பிடிக்கும் நாளில் குருவி விரட்டப் போகும் பிள்ளைகள் பரண் மீது நின்று அதைப் பாடுவார்கள். யாருடைய பாட்டு என்று யாருக்கும் தெரியாது. கொக்கு என்றால் கொக்கு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். வெள்ளைக் கொக்கு என்றால் வெள்ளைக்காரன் என்று அன்றுதான் அந்தப் பெரியவர் விளக்கினார்.

தாஸ் என்று அவர் சொன்னது எஸ். எஸ். விசுவநாததாஸை. 1886-இல் சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்த நாடக நடிகர். பெரியவரைப் போலவே நாவிதர் குலம். வள்ளி திருமணம் நாடகத்தில், தினைப்புனத்தில் பறவை ஓட்டும் காட்சி வரும். கொக்குப் பாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் எது? நாடகம் புராணம், பாட்டு ராஜத் துரோகம். 1876-ஆம் வருஷத்து நாடகச் சட்டம் இதற்கென்றே காத்திருந்தது. பாரதியின் பாட்டுப் புத்தகங்களையே 1928-இல் பறிமுதல் செய்த சர்க்கார், மேடையில் நின்று பாடுகிறவனைச் சும்மா விடுமா? தாஸ் 29 முறை கைதானார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். நாடகக்காரனுக்குச் சிறைவாசம் என்றால் வீட்டில் உலை இல்லை என்று அர்த்தம். கடன் ஏறியது. அவர் பாட்டை விடவில்லை. 1940 டிசம்பர் 31-ஆம் தேதி இரவு, சென்னை ராயல் தியேட்டரில், முருகன் வேஷத்தில் மயில் மீது அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது.

இவ்வளவும் பிற்பாடு நான் படித்துத் தெரிந்துகொண்டவை. வேப்பமரத்தடியில் பெரியவர் சொன்னது வேறு.

"போலீசு புடிச்சதை எல்லாரும் சொல்லுவாக முதலாளி. மேடையிலே முருகன்னா ஊரே கும்பிடும். கீழே எறங்கினா எங்க ஆளுதானே? அவரோட ஜோடியா நிக்கமாட்டேன்னு சொன்ன நடிகைகளும் உண்டு. அதையும் பொறுத்துக்கிட்டுத்தான் பாடினாரு."

மாமா பதில் சொல்லவில்லை. கன்னத்தில் சோப்பு நுரை காய்ந்துகொண்டிருந்தது. பெரியவரும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. முகத்தைத் திருப்பச் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்.

எனக்கு இன்று யோசிக்கும்போது, தாஸ் இரண்டு சர்க்கார்களுக்கு எதிராகப் பாடினார் என்று தோன்றுகிறது. ஒன்று வெள்ளைக்காரனுடையது. அது போட்ட வழக்குக்கு நம்பர் உண்டு, தண்டனைக்குக் கெடு உண்டு, விடுதலைக்குத் தேதி உண்டு. 1947-இல் அது மூட்டை கட்டிக்கொண்டு போயும்விட்டது. இன்னொன்று நம்முடைய திண்ணை. அதற்குப் பதிவேடு கிடையாது. தேசபக்திக்குக் கை தட்டிய அதே ஜனங்கள், பாடியவனுக்குப் பக்கத்தில் உட்காரக் கூசினார்கள். சிறைக்குப் போனதற்காக அவரைத் தியாகி என்கிறோம், சரிதான். ஆனால் தன்னைத் தொட மறுத்தவர்களுடைய விடுதலைக்காகவும் சேர்த்துத் தொண்டை கிழியப் பாடினாரே, அந்தத் தியாகத்துக்கு எந்தப் பட்டயத்திலும் இடம் இல்லை.

சுந்தராம்பாள் அம்மாளின் பிளேட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. கதர் உடுத்தி, காங்கிரஸ் மேடைகளில் பாடி, சட்ட மேலவை உறுப்பினராகவும் இருந்தவர் அவர். அந்தக் குரல் அரக்கில் பதிந்ததால் நமக்குக் கிடைத்தது. தாஸின் குரல் எங்கள் ஊர்ப் பெட்டியில் இல்லை. ஆனால் பாட்டு இருந்தது. பிளேட்டு வாங்க வக்கில்லாத பிள்ளைகள், அர்த்தம் தெரியாமலே, பரண் பரணாக அதைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். போலீஸ்காரன் பாடகனைப் பிடிக்கலாம். குருவி விரட்டுகிற பிள்ளையை எந்தச் சட்டத்தில் பிடிப்பது?

திருமங்கலத்தில் அவருக்கு அரசாங்கம் நினைவு இல்லம் அமைத்திருக்கிறது. அது நல்ல காரியம். என் மனசில் இருக்கும் நினைவு இல்லத்துக்குச் சுவர் கிடையாது. ஒரு வேப்பமரம், ஒரு பலகை, சாணைக்கல்லில் தீட்டப்படும் கத்தியின் ஓசை. அதற்கு மேலே, "எங்க தாஸ்" என்று நிமிர்ந்து சொன்ன ஒரு கிழவரின் குரல். திண்ணையில் ஏற முடியாத அவர், அந்த ஒரு சொல்லால் எங்கள் எல்லாரையும்விட உயரத்தில் நின்றார்.