வாத்துக் கதைகளும் வெட்டுண்ட பக்கங்களும்

சித்திரக்கதை என்றதும் அதனைச் சிறுவர் பொழுதுபோக்கென ஒதுக்கிவிடுவது கற்றோரிடையே காணப்படும் வழக்கம். படித்ததும் எறியப்படும் தாளுக்கு மூலபாடம் ஏது, பாடபேதம் ஏது என அவர்கள் வினவக்கூடும். ஆயினும், டொனல்ட் டக், ஸ்குரூஜ் மக்டக் ஆகிய வாத்துகளைப் பற்றிய அமெரிக்கக் கதைகளை அவற்றின் அன்பர்கள் பேணிவந்த முறையை நோக்குமிடத்து, இக்கருத்து மறுபரிசீலனைக்குரியது என்றே எனக்குத் தோன்றுகின்றது.

இக்கதைகளுட் சிறந்தவற்றை எழுதி வரைந்தவர் கார்ல் பார்க்ஸ் (1901–2000). 1942இல் டிஸ்னி படக்கூடத்தை விட்டு விலகிய அவர், பின்னர் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு சித்திரக்கதை ஏடுகளுக்கு உழைத்தார். பெருஞ்செல்வரும் பெருங்கஞ்சருமான ஸ்குரூஜை 1947இல் படைத்தவரும் அவரே. ஆனால் ஏடுகளில் வோல்ட் டிஸ்னியின் பெயர் இருந்ததேயன்றிப் பார்க்ஸின் பெயர் இருக்கவில்லை. கோட்டின் நேர்த்தியையும் கதையின் கட்டுக்கோப்பையும் கொண்டே வாசகர்கள் அவரை இனங்கண்டு, 'நல்ல வாத்து ஓவியர்' என அழைத்தனர். 1960ஆம் ஆண்டளவிலேயே, விடாது தேடிய வாசகர் சிலரால் அவரது பெயர் வெளிப்பட்டது. நடையைக் கொண்டு ஆசிரியரைத் துணியும் இம்முயற்சி, நாம் விரிவுரை மண்டபத்திற் பயிலும் ஆய்வுமுறைக்கு அந்நியமானதன்று.

இவ்வாசகர்களின் நுணுக்கமான விவாதங்கள் வீண்வாதங்கள் அல்ல என்பதற்கு 1953இல் வெளிவந்த குளொண்டைக் கதை தக்க சான்று. மறதியால் வருந்தும் முதிய ஸ்குரூஜ், மாத்திரையின் துணையால் நினைவு மீண்டு, இளமையிற் பொன் தோண்டிய கனடாவின் வடபுலத்துக்குச் செல்கிறார். ஒருகாலத்தில் நடனசாலையிற் புகழோடிருந்து, தமது பொன்னைக் கவர்ந்த கோல்டி, வறுமையுற்று அங்கே வாழ்வதைக் காண்கிறார். பொன் தோண்டும் போட்டியொன்றை முன்மொழிந்து, அதிலே தோற்றும்போகிறார். அவள் தோண்டிய இடத்தில் இருந்ததோ அவரே முன்பு புதைத்து வைத்த பொன். மறந்து தோற்றாரா, மனமறிந்து தோற்றாரா?

இவ்வினா பற்றி விடுதி நண்பர் ஒருவரும் நானும் பல இரவுகள் வாதிட்டதுண்டு. மனமறிந்தே தோற்றார் என்பதில் இருவரும் உடன்பட்டோம். அது கஞ்சனின் உள்ளத்தில் ஒருகணம் சுரந்த இரக்கம் என்றார் நண்பர். பழைய கடனைத் தீர்த்தமை என்றேன் நான். நெடுநேரம் கழிந்த பின்னரே, நாமிருவரும் வெவ்வேறு பாடங்களைப் படித்திருந்தமை புலனாயிற்று. முதற்பதிப்பில், நடனசாலையில் ஸ்குரூஜ் கைகலந்ததையும், கோல்டியைப் பலவந்தமாகத் தம் சுரங்கத்துக்குக் கொண்டுசென்று சொற்பக் கூலிக்கு மண் வெட்டச் செய்ததையும் காட்டும் பக்கங்களைப் பதிப்பாளர் நீக்கியிருந்தனர். அவை 1981இல் வெளிவந்த மறுபதிப்பிலேயே மீண்டும் சேர்க்கப்பட்டன. அப்பக்கங்கள் இல்லையேல் குற்றம் கோல்டியுடையது மட்டுமே. இருப்பின் ஸ்குரூஜும் குற்றவாளி. நண்பர் கண்ட இரக்கமும் நான் கண்ட கடனும் அவரவர் பிரதியிலிருந்தே பிறந்தவை.

பார்க்ஸின் கதைகளிற் சிதறிக்கிடந்த குறிப்புகளைத் திரட்டி, ஸ்குரூஜின் வாழ்க்கை வரலாற்றை 1992–1994 காலப்பகுதியிற் பன்னிரண்டு அத்தியாயங்களாக யாத்தவர் டொன் றோசா. பார்க்ஸின் தீவிர வாசகராக இருந்து ஆசிரியரானவர் அவர். அதன் பதினோராம் அத்தியாயத்தில், ஆபிரிக்கக் கிராமமொன்றை ஸ்குரூஜ் அழித்து நிலத்தைக் கவர்கிறார். அக்கொடுமை கண்டு சகோதரிகளும் அவரை விட்டு நீங்குகின்றனர். இந்த அத்தியாயமும் றோசாவின் வேறொரு கதையும் இனி மறுபதிப்புச் செய்யப்படமாட்டா என 2023இல் டிஸ்னி நிறுவனம் றோசாவுக்கு அறிவித்தது. பார்க்ஸின் 1949ஆம் ஆண்டுக் கதையிலிருந்து பெறப்பட்ட பொம்பி என்னும் ஆபிரிக்க நடைப்பிணப் பாத்திரம் அவ்விரண்டிலும் இடம்பெறுகின்றது.

அச்சித்திரிப்பு ஆபிரிக்க மக்களைப் புண்படுத்தக்கூடியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அன்று வெட்டப்பட்டதும் இன்று மறைக்கப்படுவதும் எவை என்பது சிந்திக்கற்பாலது. இரண்டிலும் மறைவது நாயகன் பிறருக்கு இழைத்த தீங்கே. தீங்கு மறைந்தால் அவன் தனிமைக்கும் மனமாற்றத்துக்கும் காரணமும் மறைந்துவிடும்; எஞ்சுவது வேடிக்கையான கிழக் கஞ்சன் ஒருவனே.

ஆதலின், முழுப் பாடத்தையும் அச்சிட்டு, அதன் குறைகளை முன்னுரையில் ஒளிவுமறைவின்றி எடுத்துரைப்பதே பதிப்பாளர் கடமையாகும். எது வெட்டப்பட்டது, ஏன் வெட்டப்பட்டது என ஓயாது கேட்பது வாசகர் கடமை. வாத்துக் கதையாயினும் இக்கடமை சிறிதாவதில்லை.