வெயில் இலவசம், தண்ணீர் இலவசமா?



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போனில் கேட்டார். "டீச்சர், சோலார் பம்புக்கு அப்பாவை மனு போடச் சொல்லலாமா? உங்க தம்பி போட்டிருக்காரே, எப்படி இருக்கு?" பதிலை எல்லாருக்குமாக இங்கேயே எழுதுகிறேன்.

நான் ஆரணியில் தறிக்காரர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். பிறந்தது களம்பூர் பக்கம், நெல் வைக்கிற குடும்பம். மின் கட்டணத்தை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் 1970-களில் போராடிய கதைகளை அப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தோம். 1989-ல் வந்த கலைஞர் ஆட்சியில்தான் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. அன்று அப்பா முகத்தில் இருந்த சந்தோஷம் இன்றும் கண்ணில் நிற்கிறது.

பாகம் பிரித்தபோது கிணறும் மின் இணைப்பும் அண்ணன் பங்குக்குப் போயின. தம்பிக்குக் கிடைத்தது ஒரு போர், ஒரு டீசல் இன்ஜின். அண்ணனுக்கு மும்முனை மின்சாரம் பாதி நாள் இரவில்தான் வரும். டார்ச் எடுத்துக்கொண்டு பாம்புக்குப் பயந்து வரப்பில் நடப்பார். தம்பி பகலில் இறைப்பான். ஆனால் டீசல் லிட்டர் 90 ரூபாயைத் தாண்டிய பிறகு, இன்ஜினைப் போடும் முன் பத்து தடவை யோசிப்பான்.

மத்திய அரசு 2019-ல் பி.எம். குசும் திட்டம் கொண்டு வந்தது. நம் மாநிலத்தில் வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக சோலார் பம்பு தருகிறார்கள். தம்பிக்கு மத்திய அரசு 30 சதவீதம், மாநில அரசு 30 சதவீதம். மீதி 40 சதவீதம் நம் கையிலிருந்து. அதில் ஒரு பகுதி என் பென்ஷன் சேமிப்பு.

பம்பு வந்தது. டீசல் செலவு நின்றது. தம்பி ரொம்ப சந்தோஷப்பட்டான். காலையில் போட்டால் வெயில் சாயும் வரை ஓடும். மூன்றாம் போகமும் நெல் வைத்தான்.

அந்தக் கோடையில் அண்ணன் கிணறு கீழே போய்விட்டது. "உன் பணத்துல என் கிணத்தை வத்த வச்சுட்டீங்க" என்று என்னிடம் சொன்னார். பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஒரு கல்யாணத்தில் ஒருவர் முன் வாசலிலும் இன்னொருவர் பின் வாசலிலும் நின்றார்கள். எனக்குப் பந்தியில் சோறு இறங்கவில்லை.

யோசித்துப் பார்த்தேன். தம்பி கெட்டவன் இல்லை. இதுவரை அவனை நிறுத்தி வைத்தது டீசல் விலை. அது போனதும் நிறுத்த எதுவும் இல்லை. அண்ணனும் மட்டும் என்ன, மின்சாரம் வந்தால் வருகிற வரை மோட்டாரை ஓட விடுகிறவர்தான். இருவருக்கும் கீழே இருப்பது ஒரே தண்ணீர்.

குசும் திட்டத்தில் இன்னொரு பிரிவும் உண்டு. ஏற்கெனவே மின் மோட்டார் உள்ளவர்கள் சோலார் வைத்து, இறைத்தது போக மிச்ச மின்சாரத்தை மின்வாரியத்துக்கே விற்கலாம். அதில் மோட்டாரை நிறுத்தினால் காசு. தம்பி வாங்கியது தனி பம்பு. நிறுத்தினால் அவனுக்கு ஒன்றும் கிடையாது. அப்படியிருந்தால் யார் நிறுத்துவார்கள்?

சித்திரையில் இருவரையும் என் வீட்டுக்குக் கூப்பிட்டேன். தறியில் மூன்று சேலைப் பாவு இருந்தது. "இதுல நாலாவது சேலை நெய்ய முடியுமா?" என்று கேட்டேன். இருவரும் பதில் சொல்லவில்லை. என் கணவர்தான் சிரித்தார்.

கடைசியில் தம்பி ஒப்புக்கொண்டான். மூன்றாம் போகம் நெல் கிடையாது, பாதி நிலத்தில் மணிலா, மீதி சும்மா. மதியத்துக்கு மேல் பம்பு நிற்கும். அண்ணன் தன் பங்குக்கு மோட்டாரைத் தானே ஓட விட்டுவிட்டுத் தூங்குவதில்லை என்றார். பேச்சு இன்னும் முழுதாக வரவில்லை. ஆனால் போன மாதம் மணிலா பிடுங்க அண்ணன் வீட்டு ஆட்கள் தம்பி நிலத்துக்கு வந்தார்கள்.

ஆகவே தம்பி, அப்பாவை மனு போடச் சொல். நல்ல திட்டம்தான். அதற்கு முன் பக்கத்து நிலத்துக்காரரோடு உட்கார்ந்து, எத்தனை மணி நேரம், என்ன பயிர் என்று பேசச் சொல். அதற்கு எந்த ஆபீசிலும் படிவம் இல்லை.

சொந்தங்களே, இதைப் படித்துவிட்டு யார் பக்கமும் சேராதீர்கள். பிள்ளைகளே, உங்கள் ஊரில் கிணறு எப்படி இருக்கிறது? கீழே எழுதுங்கள், படிக்கிறேன்.