கெண்டையின் குலவழி

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிச் சாலையோரங்களில் தராசில் ஏறும் ஏரி மீன்கள் பலவற்றுக்கு இந்த வட்டாரம் பூர்விகம் அல்ல. கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்றும் கிருஷ்ணா ஆற்றுக்குத் தெற்கே இயல்பாக வாழ்ந்தவை அல்ல; மனிதர்கள் கொண்டுவந்து விட்டவை. ஜிலேபி ஆப்பிரிக்க மீன். 1952இல் இந்தியாவுக்கு வந்தது. இவை எல்லாவற்றையும் விட நீண்ட பயணம் செய்தது, கடைக்காரர்கள் சாதா கெண்டை என்று சொல்லும் மீன்தான். அதன் முன்னோர் எந்த வழியாகச் செம்பரம்பாக்கம் வரை வந்தார்கள் என்று தேடிப் புறப்பட்டேன். தேடல் ஏரிக்கரையில் தொடங்கி, திருவள்ளூர் சாலையை ஒட்டிய ஒரு மீன்குஞ்சுப் பண்ணையில் போய் நின்றது.

இங்கிலாந்தில் இந்த மாதிரித் தேடல் ஏரியிலேயே முடிந்துவிடும். ஹெரிஃபோர்ட்ஷரில் உள்ள ரெட்மியர் குளத்தில் 1934இல் டொனால்ட் லெனி என்பவர் நெதர்லாந்திலிருந்து தருவித்த கெண்டைக் குஞ்சுகள் விடப்பட்டன. அந்தக் குளத்தில் 1952இல் ரிச்சர்ட் வாக்கர் என்பவர் பிடித்த ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ள மீன், லண்டன் விலங்குக் காட்சியகத்தில் 1971 வரை உயிரோடு இருந்தது. வற்றாத நீர், பல பத்தாண்டுகள் வாழும் மீன், குஞ்சு விட்டவரின் பதிவேடு ஆகிய மூன்றும் இருப்பதால், லெனி வழி மீன் எது என்பதை அங்கே இன்றும் ஆராய முடிகிறது.

நம் ஏரிகளின் கதை வேறு. 2019 கோடையில் செம்பரம்பாக்கம், புழல், சோழவரம், பூண்டி ஆகிய நான்கும் ஏறக்குறைய வறண்டு போயின. மறுபடி மழை பெய்து நீர் நிறைந்ததும் மறுபடி குஞ்சு விட வேண்டும். ஏரியில் பழைய மீன் தங்காத ஊரில், அதன் வம்சத்தைத் தாங்கி நிற்பவை பண்ணைத் தொட்டிகளில் இருக்கும் தாய் மீன்கள். அவற்றைத் தேர்ந்தெடுப்பவர்கள் தினக்கூலிக்கு வேலை செய்பவர்கள்.

பண்ணையில் எல்லோரும் "அண்ணே" என்று கூப்பிடும் மூத்த தொழிலாளி, முழங்கால் நீரில் நின்று சினைமீன் பிரித்துக்கொண்டிருந்தார். வயிற்றை விரலால் மெல்ல அமுக்குவார். வெள்ளையாகப் பால் கசிந்தால் அது ஆண். வயிறு உப்பி, தொட்டால் மெத்தென்று இருந்து, பின்துளை சிவந்திருந்தால் அது முட்டைக்குத் தயாரான பெண். ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் என்ற கணக்கில், நீரில் கட்டிய துணித்தொட்டிக்குள் மாலையில் விடுகிறார்கள். அதற்கு ஹாப்பா என்று பெயர். உள்ளே வேலம்பாசியைக் கொத்துக் கொத்தாகப் போட்டு வைக்கிறார்கள். கெண்டை முட்டை ஒட்டும் தன்மை உடையது. பாசி இல்லாவிட்டால் அடியில் விழுந்து வீணாகும்.

விடியும் முன்னே மீன்கள் துள்ளத் தொடங்கின. வெளிச்சம் வந்தபோது பாசியின் ஒவ்வொரு இலையிலும் கண்ணாடி போன்ற இளமஞ்சள் முட்டைகள். வெள்ளையாக மாறிய முட்டை செத்த முட்டை. பாசியைத் தூக்கிப் பார்த்த மாத்திரத்திலேயே இந்த ஈடு தேறுமா, தேறாதா என்று அவர் சொல்லிவிடுகிறார். ஒரு கிலோ எடையுள்ள தாய் மீன் லட்சத்துக்கு மேல் முட்டையிடும். நம் ஊர் வெப்பத்தில் இரண்டு மூன்று நாளில் குஞ்சு பொரியும். விரல் நீளம் வளர்ந்த பிறகு, ஒரு நாள் இரை போடாமல் வயிற்றைக் காலியாக்கி, பாலிதீன் பையில் ஒரு பங்கு நீரும் இரண்டு பங்கு ஆக்சிஜனுமாக அடைத்து, குத்தகைதாரரின் வண்டியில் ஏற்றுகிறார்கள்.

வம்சம் பற்றிக் கேட்டபோது அவர் மூன்று மீன்களை வலையில் எடுத்துக் காட்டினார். ஒன்று உடல் முழுக்கச் சீரான செதிலும் உயர்ந்த முதுகும் கொண்டது. இரண்டாவதன் முதுகோரத்தில் மட்டும் சில்லறைக் காசு போலப் பெரிய செதில்கள் சிதறிக் கிடந்தன. நடு உடல் வழவழப்பாக இருந்தது. மூன்றாவது நீளமாக, முதுகு மேடில்லாமல் இருந்தது. "செதிலப் பாரு சார், உடம்பப் பாரு. எந்த வழின்னு பாதி தெரிஞ்சிடும்" என்றார்.

மீதிப் பாதியைப் பழைய பதிவுகள் சொல்கின்றன. செதில் சிதறிய இரண்டாவது மீன், 1939இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்ட கண்ணாடிக் கெண்டை வழி. அதன் வேர் ஜெர்மனி. அது குளிர்நீருக்குப் பழகிய மீன். முதலாவதான, சமவெளிக்கு ஏற்ற கெண்டை 1957இல் பாங்காக்கிலிருந்து கட்டாக்குக்கு வந்தது. ஆண்டில் பல முறை, கட்டிய குளத்திலேயே முட்டையிடும் இந்த வழிதான் தென்னாட்டுக் குளங்களிலும் பரவியது. மூன்றாவதான நீண்ட உடல் மீன், ஹங்கேரியிலிருந்து பெங்களூரு அருகே ஹெசரகட்டாவுக்கு வந்த அமூர் வழி. ரஷ்யாவுக்கும் சீனாவுக்கும் எல்லையாக ஓடும் ஆற்றின் பெயர் அதற்கு.

செதிலுக்குப் பின்னால் கச்சிதமான கணக்கு ஒன்று உண்டு. கெண்டையின் செதில் அமைப்பைப் பெரும்பாலும் இரண்டு மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. அவற்றில் ஒன்றின் மாறிய வடிவம் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால் கரு பிழைக்காது. அதனால் செதிலற்ற தோல் கெண்டைகளை ஒன்றோடொன்று சேர்த்தால் கால்பங்கு முட்டை தவறாமல் வீணாகும். செதிலற்ற இரண்டை ஜோடி சேர்க்கக் கூடாது என்று பண்ணையில் கடைப்பிடிக்கும் வழக்கத்துக்கு இதுவே விளக்கம்.

அம்பத்தூருக்குக் கிழக்கே கொளத்தூரில் இதே குலத்தின் இன்னொரு கிளை குடியிருக்கிறது. வண்ண மீன் கடைகள் தெருத் தெருவாக நிறைந்த அந்தப் பகுதியில் விற்கும் கோய் கார்ப், ஜப்பானின் நீகாட்டா மலைக் கிராமங்களில் உணவுக்கு வளர்த்த கெண்டையிலிருந்து நிறம் பார்த்துப் பிரித்தெடுத்த மீன். 1904இல் ஜெர்மனியின் கண்ணாடிக் கெண்டை ஜப்பானுக்குப் போய்க் கோயோடு கலந்தது. முதுகில் மட்டும் செதில் வரிசை உள்ள தொய்த்சு வகை அப்படிப் பிறந்தது. இலங்கை வழியாக ஊட்டிக்கு வந்ததும் ஜப்பான் வழியாகக் கொளத்தூர்த் தொட்டிக்கு வந்ததும் ஒரே ஐரோப்பியக் கொடிவழியின் பேரப்பிள்ளைகள். கொளத்தூர்ப் பெண் தொழிலாளர்கள் வெள்ளைத் தட்டில் குஞ்சுகளைப் பரப்பி, நிறம் தெளியாதவற்றைக் கழிக்கும் வேகத்தைப் பார்த்தால், நீகாட்டாவில் தொடங்கிய தேர்வு இங்கே இன்னும் நடந்துகொண்டிருப்பது புரியும்.

கவலைப்பட வேண்டிய விஷயமும் இந்தத் தேர்வில்தான் இருக்கிறது. ஒரு ஜோடியே லட்சக்கணக்கில் குஞ்சு தருவதால், சிறிய பண்ணைக்கு நிறையத் தாய் மீன்கள் தேவைப்படுவதில்லை. அதே சில மீன்களின் பிள்ளைகளே அடுத்த தலைமுறைக்குத் தாயாகின்றன. நெருங்கிய உறவுக்குள் இனப்பெருக்கம் தொடர்ந்தால் வளர்ச்சி குன்றும், குஞ்சு நலியும். கர்நாடகத்தில் பழைய கெண்டைகள் விற்பனை எடைக்கு வருமுன்பே சினைபிடித்து வளர்ச்சி நின்றுபோனதால்தான் ஆய்வாளர்கள் ஹங்கேரி மீனைத் தேடிப் போனார்கள். அந்த நாட்டின் சார்வாஷ் நகரில் பல கெண்டை வழிகளைக் கலக்காமல் உயிரோடு பேணும் சேமகமே இருக்கிறது.

நம் நாட்டிலும் முன்மாதிரி உண்டு. புவனேஸ்வரில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1992இல் நார்வே விஞ்ஞானிகளோடு சேர்ந்து கங்கை, யமுனை, கோமதி, சட்லெஜ், பிரம்மபுத்திரா ஆகிய ஐந்து ஆறுகளின் ரோகுவைத் திரட்டியது. எந்தக் குஞ்சு எந்தத் தாயின் பிள்ளை என்று அடையாளமிட்டுக் குடும்பம் குடும்பமாக வளர்த்தது. 1997இல் வெளிவந்த ஜெயந்தி ரோகு, தலைமுறைக்குச் சுமார் 17 சதவீதம் கூடுதல் வளர்ச்சி காட்டியது. குலவழியை எழுதி வைத்ததால் வந்த பலன் அது.

வம்சம் காப்பது என்றால் நாட்டு மீன்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும். காஷ்மீர் ஏரிகளில் கண்ணாடிக் கெண்டை புகுந்த பிறகு அங்குள்ள பனி மீன்கள் குறைந்தன. காவிரியின் வெண்கெண்டையும் கறுமுழியும் வேகமாக வளரும் வந்தேறி மீன்களுக்கு ஈடுகொடுக்க முடியாமல் சந்தையில் பின்தங்கிவிட்டன. அவற்றுக்கும் தொட்டியும் தாய் மீனும் பதிவேடும் ஒதுக்காவிட்டால், அவற்றைத் தேடி வருபவருக்குக் காட்ட ஒரு மீனும் மிஞ்சாது.

ஜூலை 10 தேசிய மீன் விவசாயிகள் தினம். 1957இல் அதே தேதியில், ஒடிசாவில் ஹீராலால் சௌதுரியும் அலிகுன்ஹியும் ஹார்மோன் செலுத்தி இந்தியப் பெருங்கெண்டைகளைக் குளத்தில் முட்டையிட வைத்தார்கள். அந்த நாளை ஒட்டி மீன்வளத் துறை ஓர் ஏற்பாட்டைத் தொடங்கலாம். விற்கும் ஒவ்வொரு குஞ்சுப் பையோடும் ஒரு சீட்டு: எந்த வழி, எந்தப் பண்ணையின் தாய் மீன், எத்தனையாவது தலைமுறை, வெளியிலிருந்து ஆண் மீன் கடைசியாக எப்போது சேர்க்கப்பட்டது. திருவள்ளூர் சாலைப் பண்ணையின் அண்ணன் இதில் முதல் மூன்றையும் மனப்பாடமாகவே சொல்கிறார். நான்காவதற்காகத்தான் வருகிற பருவத்தில் ஹெசரகட்டா ஆண் மீன் வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டிருக்கிறார்.