பேர் மட்டும் போதாது: மைன்கிராஃப்டில் ஒரு பன்னீர் திராட்சைக் கொத்து

மைன்கிராஃப்ட் சர்வர் நடத்துறவங்க யாராச்சும் இருந்தா இந்தப் பதிவு உங்களுக்குத்தான். மத்தவங்க "கட்டைய அடுக்குற விளையாட்டு தானே"ன்னு ஓடிடாதீங்க, நடுவுல திராட்சைத் தோட்டமெல்லாம் வரும் :-)

கம்பத்துல உரக்கடை வச்சிருக்கேன். ராத்திரி கடை அடைச்சப்புறம் நமக்குப் பொழுதுபோக்கு, வீட்டுப் பழைய கம்ப்யூட்டர்ல ஓடுற ஒரு குட்டி சர்வர். மொத்தம் பதினஞ்சு பேர். அக்கா மகன் கோயம்புத்தூர்ல காலேஜ் படிக்கிறான். அவன் கூட்டாளிங்க சென்னை, பெங்களூர்னு சிதறிக் கிடக்குறாங்க, ஒருத்தன் துபாய்ல. மீதி உள்ளூர்ப் பொடிசுங்க. எல்லாருமே இந்தப் பள்ளத்தாக்குக்காரங்க. அதனால சர்வர்ல கிடைக்கிற விசேஷ சாமான்களும் நம்ம ஊர்ச் சாமான்தான். பன்னீர் திராட்சைக் கொத்து, போடி ஏலக்காய், கவாத்துக் கத்திரி, அரிவாள். திராட்சைக் கொத்துதான் அங்க ரூபா நோட்டு.

எல்லாச் சின்ன சர்வர்லயும் நடக்குற மாதிரி, இதெல்லாம் பேர் மாத்துன சாதா பொருளாத்தான் இருந்துச்சு. கொத்துங்கறது உண்மையில விளையாட்டோட ஸ்வீட் பெர்ரி. பார்க்க செவப்பா நாலு கொட்டை. மேல மவுஸை வச்சா மட்டும் பேர் தெரியும்.

போன வருசம் ஒரு நாள் சுருளிப்பட்டிப் பையன் ஒருத்தன், பத்து வயசு, மூணு வாரம் தோண்டிச் சேத்த வைரத்தையெல்லாம் குடுத்து அம்பது கொத்து வாங்கியிருக்கான். வித்தவன் செஞ்ச வேலை ரொம்ப சுலபம். காட்டுல பறிச்ச பெர்ரியை அன்வில்ல வச்சுப் பேரை மாத்திட்டான். அசல் பேர் நேரா நிக்கும், அன்வில்ல மாத்துன பேர் சாய்ஞ்ச எழுத்தா வரும். இதைப் பத்து வயசுப் புள்ளைக்கு யாரு சொல்றது? "பேரு சரியாத்தானேண்ணே இருந்துச்சு"ன்னான். அவன் அப்பாவுக்கே திராட்சைப் பந்தல் இருக்கு. "எங்க பழம்னா பார்த்தாலே தெரியும்ணே, இதுல என்னத்தப் பார்க்குறது?"

அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. வைரத்தைத் திருப்பி வாங்கிக் குடுத்தாச்சு. ஆனா அந்தக் கேள்வி மட்டும் மண்டைக்குள்ள நின்னுருச்சு.

சாமானோட தோற்றம்னா அலங்காரம்னு நெனைக்கிறோம். அது அடையாளம். பேரை எவன் வேணா எழுதலாம், உருவத்தை எழுத முடியாது. மைன்கிராஃப்ட்ல இது நிஜமாவே அப்படித்தான். 2019ல வந்த 1.14 பதிப்புல இருந்து 'கஸ்டம் மாடல் டேட்டா'ன்னு ஒரு எண்ணைப் பொருளோட ஒட்டலாம். ரிசோர்ஸ் பேக்குல அந்த எண்ணுக்கு ஒரு படத்தைக் காட்டச் சொல்லலாம். அன்வில் பேரைத்தான் தொடும், அந்த எண்ணைத் தொடாது. அட்மின் குடுத்தாத்தான் உண்டு. 2024 கடைசியில வந்த 1.21.2, 1.21.4 பதிப்புகள்ல முறை மாறுச்சு. இப்போ பொருளுக்கு மாடல் பேரையே நேரா ஒட்டலாம். இதுல ஒரு சங்கதி இருக்கு. பேக்கை இறக்காதவனுக்கு அது ரோஸும் கறுப்பும் கலந்த கட்டமாத் தெரியும். பழைய எண் முறையில சாதாப் பொருளாவது தெரியும். நம்ம பசங்க பாதிப் பேர் ஹாட்ஸ்பாட்ல வர்றவங்க, அதனால நான் எண் முறையிலயே நிக்கிறேன். அடிப்படைப் பொருளா பெர்ரி வேண்டாம், பேப்பர் வைங்க. பெர்ரின்னா பசிக்கிறப்ப ஒருத்தன் ரூபா நோட்டைத் தின்னுருவான் :-)

அடுத்தது படம். "64க்கு 64 போடுங்க மாமா, சூப்பரா இருக்கும்"னான் மருமகன். வேணாம் மாப்ளன்னுட்டேன். விளையாட்டுல மத்த சாமானெல்லாம் 16க்கு 16. அது மட்டும் வழவழன்னு இருந்தா வேட்டிக் கூட்டத்துல கோட்டு போட்டவன் மாதிரி தனியாத் துருத்தும். 256 கட்டம் போதும், என்னத்தை வைக்கிறோம்கிறதுதான் விசயம்.

மார்க்கெட்ல ஒரு கொத்து வாங்கிட்டு வந்து மானிட்டர் பக்கத்துல தொங்கவிட்டேன். உரம் விக்கிறவன், இருபது வருசமாத் தோட்டக்காரங்களோட புழங்குறவன், ஆனாலும் ஒரு பழத்தை அப்படி உத்துப் பார்த்தது அன்னிக்குத்தான். மஸ்கட் ஹாம்பர்க்ங்கற ரகம், 2023ல புவிசார் குறியீடு வாங்குன பழம். ஊதான்னு சொல்றோம், ஆனா ஊதா இல்ல, கிட்டத்தட்ட கறுப்பு. மேல மாவு பூசுன மாதிரி ஒரு வெளுப்பு. விரலை வச்சா அழிஞ்சுரும். அந்த வெளுப்புதான் பழம் புதுசுன்னு காட்டுது. கொத்து உருண்டை கிடையாது. தோள் அகலம், கீழ போகப் போகக் கூம்பு.

அதைத்தான் கட்டத்துல எறக்குனேன். நாலே நாலு நிறம்: ஓரத்துக்குக் கருஊதா, உள்ளுக்கு ரெண்டு ஊதா, பழத்துக்கு ஒரு புள்ளி சாம்பல் நீலம். வெளிச்சம் மேல் இடப்பக்கத்துல இருந்து விழணும், விளையாட்டுச் சாமானெல்லாம் அப்படித்தான் வரைஞ்சிருக்காங்க. மேல பச்சையில ஒரு காம்பு. அந்த சாம்பல் புள்ளி வச்சதும் படம் பழமாயிருச்சு. அதை எடுத்துப் பாருங்க, வெறும் கலர் உருண்டைங்கதான்.

ஏலக்காய்க்கு வேற வழி. கைப்பிடி ஏலக்காய் வரைஞ்சா பச்சைச் சகதியாத்தான் தெரியும். ஒரே ஒரு காய், குறுக்க, பெருசா. மூணு பட்டை தெரியற மாதிரி ரெண்டு கோடு. அரிவாளுக்கு நிறமே முக்கியமில்ல, மூக்கு வளைவு சரியா விழுந்தாப் போதும். சாமானை முழுக்கக் கறுப்பாக்கிப் பாருங்க. அப்பவும் இன்னதுன்னு தெரிஞ்சா நல்ல படம்.

பதினோரு சாமானுக்கும் சேத்து பேக் நூறு கேபி கூட வரல. சர்வர் அமைப்புல பேக்கோட எஸ்எச்ஏ-1 கோடைப் போட மறக்காதீங்க. படத்தை மாத்துறப்பல்லாம் அதையும் மாத்தணும், இல்லாட்டி சிலருக்குப் பழைய படமே நிக்கும். செல்போன்ல கெய்சர் வழியா வர்றவங்களுக்குத் தனி பேக், தனி மேப்பிங் வேணும். அது ஒரு ஞாயித்துக்கிழமையைத் தின்னுரும், தயாரா இருங்க.

பேக் போட்டப்புறம் கள்ளக் கொத்து விக்கிறது நின்னுருச்சு. சட்டம் எதுவும் போடல. பார்த்தாலே தெரியுது, அவ்வளவுதான். துபாய்ப் பையன் ஒரு கொத்தைத் தன் வீட்டுச் சுவத்துல ஃபிரேம் போட்டு மாட்டி வச்சிருக்கான். செலவு பண்ணவே மாட்டேங்குறான்.

பி.கு: இன்னொரு தலைவலி பாக்கி. ஜாவா பதிப்புல தமிழ்ப் பேர் சரியா வராது, கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால போய் நிக்கும். 'கம்பம்'ல கொம்பில்லாததால அந்தக் கவலை இல்ல, 'தேனி'தான் மாட்டிக்குது. இப்போதைக்கு முழுப் பேரையும் படமா வரைஞ்சு, ரிசோர்ஸ் பேக்கோட எழுத்துருவுல ஒரே எழுத்து மாதிரி நுழைச்சுப் பார்த்துக்கிட்டு இருக்கேன். 'தேனி' வந்துருச்சு. 'போடிநாயக்கனூர்' தான் நீளமாப் போகுது :-)